அவள் மெஷினில் மட்டும் தெரிந்தது

அவளுடைய இடது காது செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. நேரம் வரைக்கும் ஞாபகம் இருக்கக் காரணம், கன்னத்தில் அறை விழுந்தபோது அவள் கண்ணுக்கு நேரே சுவர்க்கடிகாரம் இருந்தது. கூடப் பிறந்த அக்காவோடு ஃபோனில் நாலு நிமிஷம் பேசியதற்கு அந்த அறை. அடித்தவன் புருஷன். லாரி டயர் கழற்றி மாட்டுகிற கடை வைத்திருந்தான். லாரிச் சக்கரத்தை ஒற்றைக் கையால் புரட்டிப் போடுகிற ஆள். அந்தக் கை ஒரு பெண்ணின் கன்னத்தில் முழுசாக இறங்கினால் என்ன மிஞ்சும்? உள்ளே பட்டென்று ஏதோ தெறித்தது, கொஞ்ச நேரம் இரைந்தது, அப்புறம் அந்தப் பக்கம் உலகமே இல்லை. மறுநாளிலிருந்து அவளைச் 'செவிடி' என்று கூப்பிட ஆரம்பித்தான். உடைத்ததும் அவனே, பெயர் வைத்ததும் அவனே.

அவனுக்கு அடிக்கக் காரணமே தேவைப்பட்டதில்லை. கடையில் ஆள் வரவில்லையா, அடி. ஆள் அதிகமாக வந்து அலுத்துப்போனானா, அதற்கும் அடி. எட்டு வருஷத்தில் ஒரு காது போனது, வலது கையில் இரண்டு விரல் கோணிக்கொண்டது, முன்பல்லில் பாதி தரையில் கிடந்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "கோவக்காரன், ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான்" என்று அவனுக்கு நற்சான்று கொடுத்துவிட்டுப் போனார்கள். மனதில் எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும்தான் அவள் உடம்பில் இறக்கி வைத்துவிடுகிறானே!

ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவன் அடிக்கும்போதெல்லாம் அது அலமாரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, "அப்பா போதும், அப்பா போதும்" என்று கத்தும். அந்தக் குரலை அவள் வலது காதால் மட்டும் கேட்டாள். குழந்தைக்கு ஏழு வயதானபோது, வீட்டுப்பாட நோட்டைக் கடை மேஜையில் மறந்து வைத்தது என்பதற்காக, அதன் முதுகில் டயர் ட்யூபை வெட்டிய துண்டால் இரண்டு இழுப்பு இழுத்தான். அன்றைக்கு முடிந்தது குடித்தனம். மறுநாள் காலை அவன் கடை திறக்கப் போனதும், ஒரு பையில் சான்றிதழ்கள், ஒரு கையில் மகள், ஏறினாள் பஸ். எந்த ஊர் போகிறோம் என்று அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அக்காவை அடித்துக் கேட்பான் என்று தெரியும்.

புது ஊரில் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். பெண் இன்ஸ்பெக்டர் காதைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், தன் சொந்த நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "வந்தான்னா கூப்பிடுங்க. வருவான்னு தோணினாலும் கூப்பிடுங்க" என்றார். அடுத்து வேலை. ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், மூன்று மேஜை போட்டு வெப்சைட் செய்து கொடுக்கிற ஆபீஸ் ஒன்று இருந்தது. டைப் அடிக்க ஆள் தேடினார்கள். இவளுக்கு எட்டு விரலால் நன்றாக அடிக்க வரும்.

முதலாளி நல்ல மனுஷன். யாராவது சத்தமாகத் தும்மினால்கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். அவருக்குக் கீழே நிஜமாக வேலை செய்தது ஒரே ஒருத்தி, இருபத்து நாலு வயது. எல்லோரையும்விட வயதில் குறைந்தவள் என்பதால் 'சின்னவள்' என்று பெயர். வாய் மட்டும் பெரிசு. ஆறு மாதத்தில் இவளுடைய டைப் வேகத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி ஊர்க்காரன் எழுதினத டைப் அடிச்சே கிழவியாகப் போறீங்களாக்கா? வாங்க, நான் சொல்லித் தரேன்" என்று பக்கத்து நாற்காலியில் இழுத்து உட்காரவைத்தாள். முப்பத்தைந்து வயதில் இவள் மாணவி ஆனாள்.

கற்றுக்கொள்வது என்றால் பாதி நேரம் ஏன் வரவில்லை என்று திரையை முறைப்பதுதான். எதை மாற்றினாலும் பத்து தடவை ரீஃப்ரெஷ் அழுத்துவாள். சர்வர் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு தடவை ஒழுங்காக நடந்துகொண்டால் மறு தடவையும் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப அவள் வாழ்க்கை அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆபீஸில் 'ரீஃப்ரெஷ் அக்கா' என்றே பெயர் விழுந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அடி வாங்காமல் கிடைத்த முதல் பட்டப்பெயர்.

பாடப் புத்தகத்தில் முதல் பயிற்சி, 'உங்களைப் பற்றி ஒரு பக்கம் செய்யுங்கள்'. புதிதாகக் கற்கிற யாரும் செய்கிற காரியம்தான் அது. அவளும் செய்தாள். தன் பெயர். மகள் பெயர். மகள் படிக்கிற பள்ளியின் பெயர், நாலாம் வகுப்பு, பி பிரிவு. பள்ளி கேட் முன்னால் சீருடையோடு மகள் சிரிக்கிற போட்டோ. கீழே, 'நாங்கள் இருவரும் நலம்' என்று ஒரு வரி. ஒளிந்து வாழ்கிறவள் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பீர்கள். அவள் மெஷினில்தானே இருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். அதைவிட, தன்னைப் பற்றித் தானே நாலு வரி எழுதுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டு முகவரியை மட்டும் எழுதவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

பிறகு ஒரு பல் டாக்டருடைய வெப்சைட்டை அவளிடமே முழுசாக ஒப்படைத்தார்கள். செய்து முடித்தாள், அவள் திரையில் டாக்டர் பளிச்சென்று சிரித்தார். டாக்டரிடமிருந்து ஃபோன்: "என் மூஞ்சி இருக்கவேண்டிய இடத்துல வெறும் கட்டம்தாம்மா இருக்கு." சின்னவள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். போட்டோ எங்கே இருக்கிறது என்பதற்கு இவள் தன் சொந்த மெஷினின் வழியை எழுதி வைத்திருந்தாள்.

"இது உங்க லேப்டாப்ல இருக்கற படம்க்கா. ஊர்ல இருக்கறவன் எப்படிப் பார்ப்பான், உங்க மேஜைக்கு வந்தா? உங்க மெஷின்ல தெரியறது உங்களுக்கு மட்டும்தான். சர்வர்ல ஏத்தினாதான் உலகத்துக்கு. ஏத்திட்டு வெளியில இருந்து பாருங்க, ஃபோன்ல பாருங்க. உங்க கண்ண நம்பாதீங்க."

"சரி சரி, திட்டாத" என்று சிரித்துக்கொண்டே அதைச் சரி செய்தாள். அடுத்த வாரம் வேறு சிக்கல். எல்லாவற்றையும் ஏற்றியும் சர்வர் கதவைத் திறக்கவில்லை. 403, உள்ளே வர அனுமதி இல்லை என்றது. சின்னவள் அன்றைக்கு லீவு. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், 'ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டச் சொல்லி ஒரு வரி சேருங்கள்' என்று எழுதியிருந்தான். சேர்த்தாள். சர்வர் கதவைத் திறந்தது மட்டுமில்லை, வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் பரப்பி வைத்தது. முகப்புப் பக்கத்தை வேறு ஃபோல்டரில் போட்டிருந்ததுதான் கோளாறு என்று மூன்று நாள் கழித்துச் சின்னவள் கண்டுபிடித்து, அந்த வரியை எடுத்தாள். பல் டாக்டரும் சிரித்தார். எல்லோரும் மறந்துபோனார்கள்.

பல் டாக்டருடைய ஃபைல்களோடு சேர்த்து, இவள் தன் பயிற்சி ஃபோல்டரையும் இழுத்துப் போட்டிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அந்த மூன்று நாளில் தேடுபொறி ஒன்று வந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டு போனதும் தெரியாது. இன்னொரு ஊரில் ஒருத்தன், ஓடிப்போனவளுடைய பெயரைத் தினமும் காலையில் ஃபோனில் தட்டித் தேடுகிறான் என்பதும் தெரியாது.

நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. பல் டாக்டரின் பக்கத்தில் ஒரு படம் வரவில்லை. சின்னவள் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க வெளியே போயிருந்தாள். "லாக்க திறந்து பாருங்கக்கா. யார் எத கேட்டான், சர்வர் என்ன பதில் சொல்லுச்சுன்னு வரிவரியா இருக்கும். 404ன்னு இருந்தா அந்த ஃபைல் இல்லன்னு அர்த்தம்" என்று ஃபோனில் சொன்னாள். இவள் திறந்து, 404 தேடிக்கொண்டே வந்தாள். நடுவில் தன் பயிற்சிப் பக்கத்தின் பெயரைப் பார்த்தாள்.

முதலில் தான் பார்த்ததுதான் பதிவாகியிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் அந்தப் பக்கத்தை அவள் இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. கீழே போனாள். மறுபடியும் அதே பக்கம். மறுபடியும். காலை ஐந்து பத்துக்கு, மத்தியானம் ஒன்றுக்கு, ஒரு நாளைக்கு இருபது தடவை, எல்லாம் ஒரே ஃபோன். சில வரிகளில் மகளுடைய போட்டோவை மட்டும் தனியாகக் கேட்டிருந்தது. ஐந்து பத்துக்கு எழுந்து, முகம் கழுவும் முன் ஃபோனை எடுக்கிறவன் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியின் தலையிலும், கேட்ட ஃபோன் எந்த ஊரில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற ஐபி எண் இருந்தது; அதை எடுத்துத் தேடிப் பார்த்தாள். பழைய ஊரைக் காட்டியது. கடைசி இரண்டு வரிகளில் ஃபோன் அதேதான், எண் மட்டும் வேறு. அதையும் தேடினாள். இந்த ஊர். இன்றைக்குக் காலை ஒன்பதே கால்.

வலது காதும் சேர்ந்து அடைத்துக்கொண்டது போல் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல அந்தப் பக்கத்த தூக்கிடும்மா! தூக்கிட்டுப் பாப்பாவ கூட்டிட்டு எங்கயாவது போயிடு."

எங்கயாவது. அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. பதினாலு மாதமாக எங்கயாவதில்தான் இருக்கிறாள். தெருவில் லாரி ஹார்ன் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். மகளுடைய ஸ்கூல் நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. பயம் இருந்த இடத்தில் வேறு ஒன்று கிளம்பியது. எட்டு வருஷ அடிக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கோபம் வந்தது. பல்லைக் கடித்ததில் பாதிப் பல் கூசியது.

"தூக்க மாட்டேன் சார்" என்றாள். "தூக்கினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். இருக்கட்டும். நான் அவன வரவழைக்கறேன்."

பயிற்சிப் பக்கத்தைத் திறந்தாள். பள்ளியின் பெயரை அழித்தாள். 'வீடு மாறிவிட்டோம், பாப்பாவுக்கும் வேறு பள்ளி' என்று அடித்தாள். கீழே புது முகவரி: போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்சந்து, மூன்றாம் நம்பர் வீடு. அது போலீஸ்காரர்களின் குடியிருப்பு. சேமித்தாள். ஃபைலை இரண்டு தடவை தட்டித் திறந்து பார்த்தாள். புது முகவரி கொட்டை எழுத்தில் தெரிந்தது. வழக்கம்போல் பத்து தடவை ரீஃப்ரெஷ் அழுத்தினாள். பத்து தடவையும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டையே குடுத்திருக்கீங்க. சரி, மஃப்டில ரெண்டு பேர நிறுத்தறேன். அவன் அந்தப் பக்கத்த திறந்தா உடனே எனக்குச் சொல்லுங்க."

பள்ளிக்கும் ஃபோன் செய்தாள். ஆபீஸில் இருந்தவர், "யார் வந்தாலும் விட மாட்டோம்மா, நீங்க நிம்மதியா இருங்க" என்றார். நேரே போய் மகளைக் கூட்டிவந்துவிடலாமா என்று ஒரு தடவை எழுந்தாள். உட்கார்ந்தாள். லாக்கைப் பார்க்க வேறு ஆள் இல்லை; அவன்தான் இனி பள்ளிப் பக்கம் போகமாட்டானே. அவன் கையில் விலங்கு மாட்டுகிற நேரம் தனக்கு உடனே தெரிய வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசை மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அவளை உட்காரவைத்தது அதுதான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு லாக்கில் புது வரி விழுந்தது. அதே ஃபோன், அதே பக்கம். கடைசியில் 304 என்று ஒரு எண் இருந்தது. எண்ணை யார் பார்த்தார்கள்! "மேடம், பார்த்துட்டான்!" என்று ஃபோனில் கத்தினாள். முதலாளி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

ஒரு மணி ஆனது. ஒன்றேகால். பின்சந்தில் யாரும் வரவில்லை. ஒன்றரைக்குச் சின்னவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே மாடியேறி வந்தாள். முதலாளி மூச்சுவிடாமல் கதையைச் சொன்னார். சின்னவள் கேட்டுக்கொண்டே, பழக்க தோஷத்தில், தன் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"எங்கக்கா மாத்தினீங்க?"

"என்ன எங்க? அதுலதான்."

"இங்க பழைய ஸ்கூல் பேருதான இருக்கு."

திரும்பிச் சின்னவளின் ஃபோனைப் பார்த்தாள். பள்ளியின் பெயர். நாலாம் வகுப்பு, பி பிரிவு. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். 'நாங்கள் இருவரும் நலம்.'

சின்னவள் லேப்டாப்பை இழுத்து லாக்கைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "304ன்னா, நீ போன தடவை பார்த்தது அப்படியே இருக்கு, ஒண்ணும் மாறலன்னு சர்வர் சொல்லுதுன்னு அர்த்தம். ஏத்தலயாக்கா நீங்க? உங்க மெஷின்ல மட்டும் மாத்தி..."

மீதியை அவள் கேட்கவில்லை. லேப்டாப்பை அப்படியே மூடிப் பையில் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஏன் அதை எடுத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. சின்னவள் பின்னாலேயே ஓடிவந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

போகிற வழியில் இவள் பள்ளிக்கு ஃபோன் அடித்தாள், எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அடித்தாள். "ஸ்கூலுக்குப் போங்க மேடம், ஸ்கூலுக்கு! நான் ஏத்தல, நான் ஏத்தல!" என்று மட்டும் கத்தினாள். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "வரோம்" என்று வைத்துவிட்டார். சின்னவள் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை, எதிரே வந்த பஸ்ஸையும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு பாடத்தை மாணவி மறந்துவிட்டாள் என்று டீச்சர் அழுதுகொண்டே வண்டி ஓட்டினாள்.

பள்ளி ஆபீஸில் ஆள் மாறியிருந்தார். காலையில் ஃபோன் எடுத்தவர் சாப்பிடப் போயிருந்தார். உட்கார்ந்திருந்தவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுத்தமாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு அப்பா வந்து பிறப்புச் சான்றிதழின் நகலைக் காட்டி, "அவங்க அம்மாவுக்கு ஆக்சிடென்ட்" என்று கண் கலங்கினால், பாவம் அவர் என்ன செய்வார். மகளை அனுப்பிவைத்தார். மகளும் அம்மாவுக்கு ஆக்சிடென்ட் என்றதும் ஓடிவந்தது. கேட்டைத் தாண்டிய பிறகுதான் நிற்கிறது யார் என்று பார்த்தது.

ஸ்கூட்டர் பக்கவாட்டுச் சந்தில் திரும்பியபோது, அவன் மகளை மணிக்கட்டில் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஷூ ஒன்று பின்னால் கிடந்தது. குழந்தை அவன் கையைக் கடித்தது; அவன் மணிக்கட்டைத் திருகினான். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அதை அவள் வலது காது கேட்டது.

வண்டி நிற்கவில்லை, அவள் குதித்தாள். முழங்கால் இரண்டும் கிழிந்தன. எழுந்து ஓடினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வாடி செவிடி. நீயாதான அட்ரஸ் எழுதி வெச்ச, வந்துட்டேன்."

ஓங்கி ஒன்று விட்டான். பழைய கை, பழைய கன்னம், அதே இடது பக்கம். ஆனால் அந்தக் காதில்தான் அடித்துக் கொல்ல இனி ஒன்றுமில்லையே. தலை ஒரு பக்கம் திரும்பியது, வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, ஆள் விழவில்லை. எட்டு வருஷத்தில் அடித்தால் விழுகிறவளைத்தான் அவனுக்குத் தெரியும். அந்த ஒரு நொடி அவன் முழித்தான்.

தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினாள். முதல் அடி அவன் முழங்கையில். மகளைப் பிடித்திருந்த கை கழன்று தொங்கியது. இரண்டாவது அடி தாடையில். ஆபீஸின் பழைய லேப்டாப், செங்கல் கனம். மூன்றாவது அடியில் மூக்கு உடைந்து, இஸ்திரிச் சட்டை முழுக்க ரத்தம். அவள் பார்த்துப் பார்த்துத் திருத்திய பொய் முகவரி அந்த ஒரு மெஷினில்தான் இருந்தது. கடைசியில் அது அவனிடம் போய்ச் சேர்ந்தது, மண்டை வழியாக.

அவன் வேன் சக்கரத்தில் சாய்ந்து சரிந்தான். எழ முயன்றான், சின்னவள் ஹெல்மெட்டோடு ஓடிவந்து நெஞ்சில் மிதித்தாள். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் இவளுக்கு முடியவில்லை. பையை மறுபடி தூக்கினாள். இது காதுக்கு. இறக்கினாள். இது விரலுக்கு. இது குழந்தை முதுகில் விழுந்த ரெண்டுக்கு. பைக்குள் கண்ணாடி நொறுங்கியது, பை கிழிந்து கீபோர்டு பட்டன்கள் சிதறின, அவன் கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை. இன்னும் நாலு அடி விழுந்திருந்தால் அவன் செத்திருப்பான். அவளும் அதைத்தான் விரும்பினாள். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"அம்மா போதும்!"

கை அந்தரத்தில் நின்றது.

"அம்மா போதும், அம்மா போதும்..."

திரும்பிப் பார்த்தாள். மகள் வேனின் பின்கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, கோணிப்போன மணிக்கட்டை மறு கையில் ஏந்திக்கொண்டு நின்றது. அலமாரி ஓரத்தில் நிற்குமே, அதே நிற்பு. அதே கண். அந்தக் கண் அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தது.

பை கீழே விழுந்தது. பிறகுதான் போலீஸ் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் கிடந்தவனைக் குனிந்து பார்த்தார். "எத்தனை அடி அடிச்சீங்க?" என்றார்.

"எண்ணல மேடம்."

"மூணு மேடம்" என்றாள் சின்னவள். "மூணே மூணு. நான் எண்ணினேன்."

இன்ஸ்பெக்டர் கிழிந்த பையையும் சிதறிக் கிடந்த பட்டன்களையும் பார்த்துவிட்டு, மூன்று என்றே எழுதிக்கொண்டார். அவனுக்குத் தாடையில் கம்பி போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு மாட்டினார்கள். சர்வர் லாக்கை அச்செடுத்துக் கேஸில் சேர்த்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. அவன் எத்தனை தடவை தேடி வந்தான் என்பதற்கு அவனுடைய ஃபோனே சாட்சி. முதலாளி உடைந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல இருக்கறதுக்கெல்லாம் காப்பி இருக்காம்மா?" என்று கேட்டார். சின்னவள் முறைத்த முறைப்பில் எழுந்து போய்விட்டார்.

மகளுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அது சாதாரணமாகத்தான் பேசியது, சாப்பிட்டது, டிவி பார்த்தது. மறுநாள் காலை தலை வார இவள் சீப்போடு கையைத் தூக்கியதும், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. சின்ன அசைவுதான். இவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். அந்த அசைவை எட்டு வருஷம் அவள் செய்திருக்கிறாள். வெளியே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் அடித்த எந்த அடியும் இப்படி வலித்ததில்லை.

இரண்டு நாள் மகள் தலை வாராமலே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். மகள் தூரத்து நாற்காலியில் உட்கார்ந்து, திடீரென்று கேட்டது:

"அப்பா எப்படிம்மா என் ஸ்கூல கண்டுபிடிச்சாரு?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. "நான்தான் எழுதி வெச்சிருந்தேன். என் மெஷின்ல மட்டும் இருக்குன்னு நினைச்சேன். வெளிய போயிருந்தது. திருப்பி மாத்தறேன்னு மாத்தினதையும் வெளிய அனுப்பாம விட்டுட்டேன். என் தப்பு குட்டி."

"இப்ப இருக்கா?"

"இல்ல. எடுத்துட்டேன். தேடுபொறியில இருந்ததையும் எழுதிப் போட்டு எடுக்க வெச்சாச்சு."

"உன் மெஷின்ல இல்லையா, வெளியிலயும் இல்லையா?"

இவள் சின்னவளின் ஃபோனை வாங்கி, மகளிடம் நீட்டினாள். கிட்டே போகவில்லை, கையை எட்டி நீட்டினாள். "நான் சொல்றத நம்பாத. நீயே பாரு."

அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மகள் கட்டுப் போடாத கையால் ஒரு விரலில் தட்டியது. வெள்ளைத் திரை. மேலே பெரிசாக 404. கீழே, நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை. இத்தனை மாதமாக அவள் கண்ணில் பட்டாலே எரிச்சல் வருகிற எண் அது.

மகள் ரீஃப்ரெஷ் அழுத்தியது. 404. மறுபடி அழுத்தியது. 404. அம்மா செய்கிற மாதிரியே, உதட்டை மடித்துக்கொண்டு, பத்து தடவை அழுத்தியது. பத்து தடவையும் இல்லை என்றே வந்தது. பிறகு ஃபோனைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய், அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தது.

"மெதுவா வாரும்மா" என்றது.